இரண்டாமவர் இறந்த திகதி

18 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

மகள் வித்தியாவின் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று கிழமை. வீடு முழுக்கப் பெட்டிகள். என் மேசையில் மட்டும் பதினேழாம் நூற்றாண்டு ஜப்பான் கிடக்கிறது. அதையும் எடுக்கச் சொல்கிறாள் மனைவி ரதி. பலகாரத் தட்டு வைக்க இடம் வேண்டுமாம்.

இரண்டாம் அத்தியாயம் நகர மறுக்கிறது. வடக்கே பனி கொட்டும் மூலையில் ஒரு சின்னப் பிரபு நாடு. அதன் முதல் மூன்று பிரபுக்கள்தான் என் ஆய்வு. முதலாமவர் சண்டை பிடித்து நாட்டை எடுத்தவர். மூன்றாமவர் வாய்க்கால் வெட்டியவர். இரண்டாமவர் பிள்ளையில்லாமல் முப்பத்தொரு வயதில் இறந்தார், அவ்வளவுதான். அந்த இறப்பிலும் சிக்கல். கோயில் ஏட்டில் ஒரு திகதி; தலைநகருக்குப் போன அறிக்கையில் பத்தொன்பது நாள் பிந்திய திகதி. எழுதியவனின் கைப்பிழை என்று அடிக்குறிப்புப் போட்டேன். என் ஆய்வுப் பேராசிரியை அதைச் சுற்றி வட்டம் போட்டு, "ஏன்?" என்று மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறார்.

தொண்ணூறுகளில் நகோயாவின் கார்த் தொழிற்சாலையில் நாலு வருடம் கதவு பூட்டியபோது படித்த மொழி. இப்போது குடியேறிய இந்த நாட்டில், மங்கரேயில், விமானச் சரக்குக்குப் பத்திரம் தயாரிக்கிறேன். ஐம்பத்தாறு வயதில் இந்த ஆய்வு எனக்குத் தேவையா? தேவை போலத்தான் இருக்கிறது.

24 ஆகஸ்ட், சனி

பாபகூரா முதியோர் இல்லத்தில் சித்தப்பாவைப் பார்த்துவிட்டு வந்தேன். சதாசிவம், எண்பத்தெட்டு. அப்பாவின் தம்பி. அப்பா போனபோது எனக்கு ஏழு வயது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் தகப்பன் இடத்தில் கையெழுத்து வைத்தவர் இவர்தான். பிள்ளைகள் இல்லை. கொள்ளி வைக்க நான்தான் என்பது எப்போதோ முடிவான விஷயம்.

கல்யாணத்துக்கு வேட்டி எடுத்து வைத்திருக்கிறார். "முன் வரிசையில இடம் பிடி. ஆனா கழிப்பறைக்குக் கிட்டவும் இருக்கோணும்." மண்டபத்தில் இரண்டும் சேர்ந்த கதிரை எங்கே இருக்கிறது?

சம்பந்தியம்மா, அதாவது மாப்பிள்ளை திலக்சனின் தாய், இன்றும் போன் எடுத்தார். மூன்றாவது தடவை. "உங்கட பக்கம் சாவு, துடக்குக் கிடக்கு ஒண்டும் இல்லையே?" எல்லாவற்றிலும் சாத்திரம் பார்க்கிற மனுஷி. இல்லை என்றேன்.

29 ஆகஸ்ட், வியாழன்

சித்தப்பா போய்விட்டார். மத்தியானம் இரண்டு மணிக்கு, நித்திரையிலேயே.

30 ஆகஸ்ட், வெள்ளி

தகப்பன் வழியில் சாவு. முப்பத்தொரு நாள் துடக்கு. வீட்டில் நல்ல காரியம் ஒன்றும் செய்யக்கூடாது. கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் இங்கேதான்; கனடாவிலிருந்து அவர்களின் சொந்தக்காரரும் வந்து இறங்கிவிட்டார்கள்.

ரதி குசினிக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. கலியாணம் முடியட்டும். இப்ப நிப்பாட்டினா அந்த மனுஷி பிறகு இந்தச் சம்பந்தமே வேண்டாம் எண்டு நிக்கும்."

"சித்தப்பாவை அதுவரைக்கும் என்ன செய்யிறது?"

"குளிர் அறையில வைப்பினம்தானே. செத்தவருக்கு என்ன அவசரம்?"

சொல்லிவிட்டு அழுதாள். பத்து வருடம் ஞாயிறு தவறாமல் அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தவள். நான் சரி என்றேன். பின்னாளில் மறந்துபோகக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்: சரி என்றது நான்.

வித்தியாவுக்கும் சொல்லவில்லை. மணப்பெண் முகம் வாடக்கூடாதாம்.

இறுதிச்சடங்கு நிறுவனத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் வைத்திருக்கலாமா என்று கேட்டேன். நோ வொரிஸ் என்றார்கள்.

2 செப்டம்பர், திங்கள்

வேலைக்கு லீவு. செய்ய எதுவும் ஓடாமல் இரண்டாமவரை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன்.

அந்தக் காலத்துச் சட்டம் இது: பிரபு உயிரோடு இருக்கும்போதே வாரிசைப் பதிய வேண்டும். சாகிற நேரத்தில் தத்தெடுத்தால் செல்லாது. வாரிசில்லாமல் செத்தால் நாடு பறிபோகும், ஊழியம் செய்தவர்கள் எல்லோரும் குடும்பத்தோடு தெருவுக்கு வரவேண்டியதுதான். இரண்டாமவருக்குப் பிள்ளையில்லை. எனவே அவர் சாகவில்லை! பத்தொன்பது நாள் "சுகவீனமாக" இருந்தார். திரைக்குப் பின்னால் கஞ்சி போனது. வைத்தியர் காலையும் மாலையும் மருந்து காய்ச்சினார். தத்துப் பத்திரம் அங்கீகாரமாகி வந்த மறுநாள் முறைப்படி காலமானார். கோயில் துறவி மட்டும் ஏட்டில் உள்ளதை உள்ளபடி எழுதினார்.

கைப்பிழை என்ற அடிக்குறிப்பை அழித்தேன். இதைக் கண்டுபிடிக்க ஜப்பானிய மொழியே தேவையில்லை. எங்களுடைய ஒரு கல்யாண வீடு போதும்.

8 செப்டம்பர், ஞாயிறு

கல்யாணம் நன்றாக நடந்தது.

சம்பந்தியம்மா கேட்டார்: "சித்தப்பா வரேல்லையோ?"

"அவருக்கு ஏலாது. படுத்தபடிதான்."

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் கேவலம்.

தாலி கட்டும்போது எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. மகளைப் பிரிகிற அழுகை என்று நினைத்து இரண்டு பேர் முதுகைத் தட்டிவிட்டார்கள். வித்தியா போகும்போது, "அப்பா, டுமாரோ நாங்க ரெண்டு பேரும் தாத்தாவைப் பாக்கப் போறம், ஓகே?" என்றாள்.

9 செப்டம்பர், திங்கள்

அறிவித்தல் கொடுத்தாயிற்று. சித்தப்பா இன்று காலமானார்.

11 செப்டம்பர், புதன்

தகனசாலையில் பொத்தானை அமுக்கினேன். இங்கே கொள்ளி அதுதான். பெட்டியை மூடுமுன் பார்த்த சித்தப்பாவின் முகம் சின்னதாகிப் போயிருந்தது.

ஐயர் திகதி கேட்டார். ஒன்பது என்றேன். வளர்பிறைச் சஷ்டி என்று கொப்பியில் எழுதிக்கொண்டார். மனுஷன் போனது தேய்பிறை ஏகாதசியில். இனி வருடா வருடம் சஷ்டியில்தான் அவருக்குச் சோறு. ஜப்பானில் கோயிலுக்கு உண்மையும் அரசாங்கத்துக்குப் பொய்யும் சொன்னார்கள். நான் அரசாங்கப் படிவத்தில் உண்மையை எழுதிவிட்டுக் கோயிலில் பொய் சொல்லியிருக்கிறேன்.

இதையெல்லாம் ஒரு மாதிரித் தாங்கிக்கொள்ளலாம். வித்தியா சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நாள் முந்திப் போயிருந்தா பாத்திருப்பன் அப்பா. கலியாண உடுப்போட போயிருக்கலாம்" என்று தேம்பினாள். ரதி என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

3 நவம்பர், ஞாயிறு

வித்தியா இன்றும் அந்த ஒரு நாளைப் பற்றித்தான் கதைத்தாள். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். ரதி தேத்தண்ணி ஊற்றக் கூப்பிட்டாள்.

15 மார்ச் 2025, சனி

வித்தியா தன் பிறப்புப் பத்திரம் தேட வந்தாள். பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றவாம். அதே கோப்பில் சித்தப்பாவின் மரணப் பத்திரம் இருந்தது. அதை நான் யோசிக்கவில்லை. பத்திரம் தயாரிப்பது என் தொழில்!

திகதியை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு தமிழில் ஒரு சொல்லும் வரவில்லை. ஆங்கிலத்தில், சத்தம் போடாமல் கேட்டாள்: ஆறு மாதமாக நான் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன், நீங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? ரதி, "உனக்காகத்தான் பிள்ளை" என்றாள். நான் கேட்டேனா என்றாள் வித்தியா.

கதவை அடித்துச் சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்திவிட்டுப் போனாள்.

ஐயோ, என்ன செய்துபோட்டன் நான்.

29 மார்ச், சனி

நான் போன் எடுத்தால் வித்தியா பதில் சொல்கிறாள் இல்லை.

6 ஜூன், வெள்ளி

ஆய்வு தேறிவிட்டது. திகதி முரண்பாட்டை விளக்கிய பகுதி மிக நுட்பமானது என்று பரீட்சகர் புகழ்ந்திருக்கிறார். இறப்பை மறைத்தவர்களின் மனநிலையை அருகிலிருந்து பார்த்ததுபோல் இருக்கிறதாம்.

மூன்றாமவர், அந்தத் தத்துப்பிள்ளை, முப்பது வருடம் ஆண்டார். ஒவ்வொரு வருடமும் அறிக்கைத் திகதியில்தான் தகப்பனுக்குச் சடங்கு செய்தார். உண்மைத் திகதியில் செய்தால் நாடு போகும், அவருக்கு வேறு வழியில்லை. எனக்கு என்ன போகும்? சம்பந்தியம்மாவின் வாயில் விழவேண்டும், அவ்வளவுதானே? உண்மைத் திகதியைச் சொல்லிவிடுவோமா என்று ரதியிடம் கேட்டேன். "வித்தியா அங்க வாழ வேண்டாமோ?" என்றாள்.

10 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

திவசத்துக்கு நாள் குறிக்கக் கோயிலுக்குப் போனோம். அங்கே வித்தியாவும் சம்பந்தியம்மாவும் அர்ச்சனைக்கு வந்து நின்றார்கள். மார்ச்சுக்குப் பிறகு இன்றுதான் அவளைக் கிட்டத்தில் பார்க்கிறேன். மெலிந்திருக்கிறாள்.

ஐயர் கொப்பியைத் திறந்தார். "சதாசிவம். வளர்பிறைச் சஷ்டி, என்ன?"

வரும் வழியெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டு வந்தவன், சம்பந்தியம்மாவைக் கண்டதும் வாய் அடைத்துப்போய் நின்றேன்.

"இல்லை ஐயா," என்றாள் வித்தியா. "தாத்தா செத்தது ஆகஸ்ட் ட்வென்டி-நைன்."

ஐயர் என்னைப் பார்த்தார். நான் ஓம் என்றேன். அது மட்டும் வந்தது. அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டத் தொடங்கினார்.

சம்பந்தியம்மா கல்யாண நாள் வரை விரல் மடித்து எண்ணினார். பத்தாவது விரலில் கை நின்றுவிட்டது. ரதி என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். ஏகாதசி என்றார் ஐயர்.

சம்பந்தியம்மா ரதியைத்தான் பார்த்துக் கேட்டார்: "பத்து நாளும் அந்தாளைத் தனியவோ விட்டனியள்?"

ரதி தலையைக் குனிந்தாள். "ஒவ்வொரு நாளும் பின்னேரம் அங்க போய் அவருக்குப் பக்கத்தில இருந்திட்டு வந்தனான்," என்றாள். இது எனக்கே தெரியாது.

சம்பந்தியம்மா ஐயரின் பஞ்சாங்கத்தை எட்டிப் பார்த்தார். "ஏகாதசி அடுத்த கிழமை செவ்வாய் வருது," என்றார் பிறகு. "வாழைக்காயும் பயத்தங்காயும் நான் கொண்டு வாறன். நீங்கள் தனியச் சமைக்காதேங்கோ."