எண்பது பாகத்திலும் இல்லாத அப்பா

மார்ச் 3

ஊரார் சோபாவுக்கெல்லாம் புதுத் துணி போடுகிறேன். எங்கள் வீட்டு சோபாவில் ஸ்பிரிங் குத்துகிறது. மகள் அதில்தான் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள், குத்துவது கூடத் தெரியாமல். விவாகரத்துத் தீர்ப்பு வந்து இன்றோடு நாற்பது நாள். கையில் செல்போன். அதில் குட்டி நாடகங்கள். ஒரு கதைக்கு எண்பது பாகம், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். எங்களோடு பேச்சு கிடையாது.

மார்ச் 5

பின்னால் நின்று நானும் பார்த்தேன். எல்லாம் ஒரே கதைதான். புருஷன் வீட்டில் பெண்ணைத் துரத்திவிடுகிறார்கள். உடனே அப்பன்காரன் பத்து காரோடு வந்து இறங்குகிறான். கோட்டு, சூட்டு, கறுப்புக் கண்ணாடி. "என் பொண்ணை அழவெச்சது யாரு?"

"நான் போய் இறங்கினா ஸ்கூட்டர் சத்தத்துக்கு நாய்தான் அழும்" என்றேன். மனைவி சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. என் அறுவைக்கு இந்த வீட்டில் முதலில் சிரிப்பவள் அவள்தான். சிரித்துக்கொண்டிருந்தவள் என்றுதான் இனி எழுதவேண்டும்.

மார்ச் 6

இன்றும் இரண்டு வாய்தான் சாப்பிட்டாள்.

மார்ச் 9

பட்டறையில் என்னோடு ஆணி அடிக்கும் ஒல்லியிடம் சொல்லி அந்த நாடகத்தை என் போனிலும் போட்டுக்கொண்டேன். "என்னண்ணே, இந்த வயசுல காதல் கதை கேக்குதா?" என்றான்.

"தொழில் கத்துக்கறேன்டா."

"என்ன தொழில்?"

"அப்பன் தொழில்."

சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் விஷயம் அதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் பையோடு வந்து நின்றாள். "இனிமே அங்க போகமாட்டேன்ப்பா" என்றாள். நான் என்ன செய்தேன்? டீ கொடுத்தேன். பையைக் கீழே வைக்கக்கூட விடவில்லை. "உன் அம்மாவோட நான் முப்பது வருஷம் தள்ளலையா? எனக்கே யாரும் மெடல் குடுக்கல" என்று ஒரு ஜோக் அடித்தேன். சிரித்தாள். அப்பாடா, சரியாகிவிட்டது என்று நானே பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். கையை வேறு ஆட்டினேன், மடையன்.

இதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நாடகத்திலாவது இருக்கும்.

மார்ச் 14

மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே பார்த்துப் பார்த்து எண்பதையும் முடித்தேன். அப்பன் எங்கேயும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் மகளைத் திருப்பி அனுப்பினால்தானே கேட்பதற்கு? எனக்கு அதில் பாடமே இல்லை.

மார்ச் 15

சாயங்காலம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அதே நாடகம்தான், மறுபடி பார்க்கிறாள். நாற்பத்தொன்றாம் பாகம். அந்தப் பெண் மழையில் நிற்கிறாள். மகள் கண்ணைத் துடைத்தாள். என் வாய் சும்மா இருக்குமா? "அழாதம்மா, அடுத்ததுல அப்பன் வந்துடுவான்" என்று உளறிவிட்டேன்.

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

மாட்டிக்கொண்டேன். பார்த்ததைச் சொன்னேன். ஏன் பார்த்தேன் என்பதையும் சொன்னேன். ஒழுங்காக எங்கே சொன்னேன், பாதி உள்ளேயே நின்றுவிட்டது. "அன்னிக்கு உன்னை நான் அனுப்பியிருக்கக் கூடாதும்மா." இவ்வளவுதான் வெளியே வந்தது.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். என் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"அன்னிக்கு நீங்க ஜோக் அடிச்சீங்க. நான் சிரிச்சுட்டேன். சிரிச்சதாலதான் அனுப்பிட்டீங்கன்னு நெனச்சேன்ப்பா. அழுதிருந்தா வெச்சுக்கிட்டிருப்பீங்கன்னு. ரெண்டு வருஷமா என்னையேதான் திட்டிக்கிட்டிருந்தேன்."

அடிப் பாவி மகளே. தப்பு செய்தவன் இங்கே ஜோக் அடித்துக்கொண்டு திரிய, நீ உன்னைத் திட்டிக்கொண்டிருந்தாயா?

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

மார்ச் 16

நாள் முழுக்க ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. மனைவி காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மார்ச் 19

இன்றும் இல்லை. வாய்வரை வருகிறது. பஸ் ஞாபகம் வருகிறது. விழுங்கிவிடுகிறேன்.

மார்ச் 22

சாப்பிடும்போது மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னப்பா, வாயில கொழுக்கட்டையா? இந்த வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. பேசுங்க."

"பயமா இருக்கும்மா."

"என்னை அனுப்பறதுக்கு மட்டும் ஜோக் அடிக்காதீங்க. மத்தபடி அடிங்க, தாங்கிக்கறேன்."

"முப்பது வருஷமா தாங்கறவ நான் இருக்கேன், என்னைக் கேக்க ஆளில்ல" என்றாள் மனைவி. மூன்று பேருமே சிரித்தோம். உடனே மகள் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகச் சிரிக்கிறாளா என்று இனி ஆயுசுக்கும் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன் போலிருக்கிறது.

இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.

ஏப்ரல் 4

புது நாடகம். மூன்று பேரும் ஒட்டி உட்கார்ந்து பார்த்தோம். இதில் அப்பன் ஏழை, தச்சு வேலைக்காரன். நாலாம் பாகத்தில் மகள் அழுதுகொண்டு வருகிறாள். அவன் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்தேன். மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்கப்பா. இந்த ஆளு திருந்தறானான்னு பாப்போம்."

பதினைந்து பாகம் பார்த்தோம். இன்னும் திருந்தவில்லை. அவள் என் தோளிலேயே தூங்கிவிட்டாள்.