மஞ்சள் மை கேட்கும் பிரிண்டர்

பாரிஸ், ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

மாதாவின் துணையால் நான் இங்கே சுகம். குருநகரில் உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

கடிதம் கையெழுத்தில் வந்திருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். எனக்கு ஒன்றுமில்லை, பிரிண்டருக்குத்தான் சுகமில்லை. உங்கள் கண்ணுக்காக வழக்கம்போலப் பெரிய எழுத்தில் தட்டி வைத்திருந்தேன். மஞ்சள் மை முடிந்துவிட்டதாம், அச்சடிக்க மாட்டேன் என்கிறது. கறுப்பு மை நிறைய இருக்கிறது. கறுப்பு எழுத்துக்கு மஞ்சள் எதற்கு? எவ்வளவு யோசித்தும் விளங்கவில்லை.

என்னோடு அறையில் இருக்கும் கனிசியஸ் அண்ணையிடம் கேட்டேன்.

"மை வாங்கிற காசுக்குப் புது மிசினே வாங்கலாம். உந்தப் பழசைத் தூக்கி எறியடா!" என்றார்.

அதில் ஒரு கீறல்கூட இல்லை, அம்மா. சரியென்று குப்பைத் தொட்டியடியில் கொண்டுபோய் வைத்தேன். அங்கே ஏற்கனவே அதே மாதிரி ஒன்று கிடந்தது. அதுவும் பழுதில்லாததுபோலத்தான் இருந்தது. என்ன நினைத்தேனோ தெரியாது, என்னுடையதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என்னுடைய சைக்கிள் இன்னும் விறாந்தையில்தானே நிற்கிறது? தங்கச்சியைக் காற்றடித்து வைக்கச் சொல்லுங்கள். ஓட ஆளில்லை என்று அதை ஒருவருக்கும் கொடுத்துவிடாதீர்கள். நான் இருக்கிறேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்,
ஜெனிஸ்