கோணித் தையல்

7-2-2025, வெள்ளி
தை கடைசி வெள்ளி. அம்மன் கோயிலில் பொங்கல் வைத்தோம். பேத்தி நித்யா தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கிறாள். கடலுக்கு அடியில் ஆட்களைக் கூட்டிப் போய் மீனும் பவளப்பாறையும் காட்டுகிற வேலை. சீவலப்பேரியில் வேறு எந்த வீட்டுப் பிள்ளை இந்த வேலை பார்க்கிறது? பஸ் ஸ்டாப்பில் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

அவளுடைய கடல் சட்டையை அலசிக் கொடியில் போட்டிருக்கிறாள். காற்றடைத்தால் ஆளை மிதக்க வைக்குமாம். அதில் ஒரு பை. மூடியில் பர்ரென்று ஒட்டுகிற நாடா தேய்ந்துபோய், பாதி ஒட்டாமல் தொங்குகிறது. இதை நம்பியா இந்தப் பிள்ளை கடலில் இறங்குகிறது?

8-2-2025, சனி
நித்யா தூங்கும்போது அந்தப் பையைத் தைத்து மூடிவிட்டேன். அம்மன் காலடியில் வைத்த மஞ்சள் கிழங்குத் துண்டைப் பாலிதீனில் மடித்து உள்ளே வைத்தேன். சுருட்டின ஆரஞ்சு நிற ரெக்சின் மாதிரி ஒன்றும், ஒரு ஊதலும், ஒரு குட்டிக் கத்தியும் உள்ளே கிடந்தன. எல்லாம் பத்திரமாக இருக்கட்டும்.

கோணி ஊசி, கறுப்பு நைலான் நூல். அரிசி மில்லில் மூட்டை தைத்தே பிள்ளை வளர்த்தவள் நான். நான் தைத்த மூட்டை வழியில் பிரிந்தது என்று ஒரு லாரிக்காரனும் சொன்னதில்லை. சட்டையும் கறுப்பு, நூலும் கறுப்பு. தையல் இருப்பதே தெரியவில்லை.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், சாமியெல்லாம் எதுக்கு ஆச்சி என்பாள்.

9-2-2025, ஞாயிறு
முதல் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். இட்லியைக் கையில் வைத்துக் கொடுத்தேன்.

11-2-2025, செவ்வாய்
தைப்பூசம். ஆற்றில் குளித்துவிட்டு ஈரச் சேலையோடு வருகிறேன், என் மகள் முத்துராணி வாசலில் போனும் கையுமாக நிற்கிறாள். முகத்தில் ரத்தம் இல்லை. நித்யாவும் அவளோடு இறங்கிய ஒரு புருசன் பெண்டாட்டியும் தண்ணீருக்கு மேலே வந்தபோது பக்கத்தில் படகு இல்லையாம். நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டதாம். தேடிக்கொண்டிருக்கிறார்களாம். கம்பெனி முதலாளி மதார்தான் பேசினார். போனை என் காதில் வைத்தாள்.

"பயப்படாதீங்கம்மா. அந்தப் புள்ளகிட்ட ஆரஞ்சுக் குழாய் இருக்கு. வாயால ஊதினா ஆள் உசரத்துக்கு நிக்கும். எவ்வளவு தூரத்துல இருந்தாலும் கண்ணுல படும். ஊதலும் வச்சிருக்கு."

ஆரஞ்சு. ஊதல்.

எதுல வச்சிருப்பா என்று கேட்டேன்.

"சட்டைப் பையிலதாம்மா."

முத்துராணி அம்மன் படத்துக்கு முன்னால் விழுந்து கிடக்கிறாள். நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அம்மன்கிட்ட கேப்பேன்? அவ பேரச் சொல்லித்தான தச்சேன். கத்தியவும் உள்ளயே வச்சுல்லா தச்சேன். இந்தக் கையில கொள்ளிய வைக்க —

12-2-2025, புதன்
கிடைத்துவிட்டார்கள். மூன்று பேரும். நேற்று பொழுது சாய்கிற நேரத்தில் தேவமணி என்கிற மீனவர் தன் வள்ளத்தில் ஏற்றிக் கரை சேர்த்திருக்கிறார். முத்துராணி போனில் அவரோடு பேசினாள்.

"அலைக்கு மேல மஞ்சளா ஒண்ணு ஆடுச்சுக்கா. எவன் வலையோ அத்துக்கிட்டு மிதக்குன்னுதான் போனேன். பாத்தா, இந்தப் புள்ள கால்ல மாட்டுத வாத்துச் செருப்பக் கழத்தி வீசிக்கிட்டுக் கெடக்கு."

முத்துராணி அழுதுகொண்டே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

14-2-2025, வெள்ளி
நித்யா வந்திருக்கிறாள். உதடு வெடித்து, மூக்கில் தோல் உரிந்து. தேடி வந்த படகு இரண்டு தடவை கூப்பிடு தூரத்தில் போனதாம். அலைக்கு நடுவில் இவர்கள் தலை தெரியவில்லையாம். கூட இருந்த பெண் உப்புத் தண்ணீர் குடித்து மயங்க, அவளை ஒரு கையால் தாங்கிக்கொண்டே கிடந்திருக்கிறாள்.

"அந்தக் குழாய எடுக்க வேண்டியதுதானளா?" என்றாள் முத்துராணி.

"கொண்டு போக மறந்துட்டேம்மா. எறங்குததுக்கு முன்ன பையத் தெறந்து பாக்கணும். பாக்கல. என் தப்புதான்."

மதாரிடமும் இப்படித்தான் சொல்லியிருக்கிறாள். வேலையை விட்டு நிறுத்திவிட்டாராம். இதையெல்லாம் சொல்லும்போது அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

சட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தாள். எடுத்துப் பார்த்தேன். பையின் ஓரத்தில் பல் தடம். கடித்து இழுத்திருக்கிறாள். ஒரு மூலையில் கொஞ்சம் நைந்திருக்கிறது. மற்றது அப்படியே இருக்கிறது. என் தையல் பிரியவில்லை.

15-2-2025, சனி
பஸ் ஸ்டாப்பில் பக்கத்துத் தெரு ஷரீபா பீவி கேட்டாள்: "என்ன இசக்கித்தாயி, ஒம் பேத்தி சாமானயெல்லாம் மறந்துட்டுக் கடல்ல எறங்கிட்டாளாம்லா? படிச்ச புள்ள இப்பிடியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். நான்தான் ஆட்டினேன்.

16-2-2025, ஞாயிறு
சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். நித்யா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"யாரு தச்சதுன்னு தெரியுமாட்டி?"

"கைய வச்சதுமே தெரிஞ்சுட்டு ஆச்சி."

"பெறகு ஏன் சொல்லல?"

"சொன்னா ஊரே ஒன்னப் பாத்துச் சிரிக்கும். ஒனக்கு அது தாங்காது."

"எம்மேல கோவம் இல்லியா?"

"இருக்கு. நெறைய இருக்கு. இப்ப பேசாத."

எழுந்து வந்தேன்.

17-2-2025, திங்கள்
யாரிடமும் சொல்லாமல் தூத்துக்குடிக்குப் போனேன். சட்டையை மதார் மேசையில் வைத்தேன். குழாய் உள்ளேதான் இருக்கிறது, தைத்து மூடியது நான் என்றேன். அவர் நம்பவில்லை.

"பேத்தி வேலைக்காகப் பழியத் தூக்கித் தலையில வச்சுக்கிடுதீங்க ஆச்சி."

ஊசியும் நூலும் கொண்டுதான் போயிருந்தேன். ஒரு துணி கொடுங்க என்றேன். பழைய தார்ப்பாய்த் துண்டு ஒன்று தந்தார். அவர் கண் முன்னால் தைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, இது பிரிஞ்சு தொலையக் கூடாதா என்று இருந்தது.

துண்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தச்சது நீங்க. பாக்காம எறங்குனது அவ. அது வேற, இது வேற. ரெண்டு மாசம் படகுலயே இருந்து மத்தவங்க சாமானச் சரிபார்க்கட்டும். பெறகு பாப்போம்."

நியாயம்தான்.

சட்டையோடு திரும்பி வந்து இறங்கியதும் ஷரீபா பீவியிடம் சொன்னேன். சுற்றி நின்றவர்களும் கேட்டார்கள். கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "ஏ தாயி, எங்க வீட்டுப் பக்கம் ஊசியோட வந்துராத" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் நகராமல் நின்றேன்.

18-2-2025, செவ்வாய்
நித்யாவே தையலை வெட்டினாள். மஞ்சள் துண்டை என் கையில் வைத்தாள். "இத நீ வச்சுக்கோ ஆச்சி." மதார் போனில் எல்லாம் சொல்லியிருந்தார். மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

9-3-2025, ஞாயிறு
போன் வந்தது. முத்துராணியிடம் மட்டும் பேசினாள்.

20-4-2025, ஞாயிறு
காலையில் வீடியோ போன். எனக்குத்தான். படகில் நிற்கிறாள், பின்னால் கடல். இன்றைக்கு மறுபடியும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்குகிறாள்.

"ஆச்சி, பாத்துக்கோ." பையைத் திறந்தாள். பர்ரென்று சத்தம். புது நாடா. குழாயை எடுத்துக் காட்டினாள், கத்தியைக் காட்டினாள், ஊதலை ஒரு ஊது ஊதினாள். திரும்ப வைத்து மூடினாள். யாரோ பின்னால், "ஒங்க ஆச்சி பாத்தாச்சா? எறங்கலாமா?" என்று கேட்டார்கள்.

"பாத்தாச்சு," என்றேன்.

மஞ்சள் துண்டை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். உலை கொதித்து அடங்கும்வரை அதைக் கையில் பிடித்தபடி அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தேன். மறுபடி போன் அடித்தது. அவள் தலை நனைந்திருந்தது.

"மேல வந்துட்டேன் ஆச்சி. சாப்பிட்டியா?"