இளையபெருமாளுக்கு யார் பதில் சொல்வது?

1962 டிசம்பர் 11, செவ்வாய்

வியாபாரம் மந்தம். பொங்கல் நெருங்கினால்தான் பாத்திரக் கடைப் பக்கம் ஜனங்கள் எட்டிப் பார்ப்பார்கள். அதுவரை எனக்கு வாய்த்த வேலை, பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்துக்குச் செயலாளராக இருப்பது. செயலாளர் என்றால் ஏதோ பெரிய பதவி என்று விருத்தாம்பாள் நினைத்திருந்தாள். கல்யாணமான வருஷமே அவளுக்கு உண்மை தெரிந்துவிட்டது. பெஞ்சு தூக்குவது, பந்தல்காரனிடம் சண்டை போடுவது, கார்டு எழுதுவது. இன்று முழுக்கக் கார்டுதான். 'ஜனவரி இருபத்தாறு ஆண்டு விழா, தவறாமல் வரவும்.'

என்னோடு படித்துப் பட்டாளத்துக்குப் போன இளையபெருமாளுக்கு ஒரு கார்டை எடுத்து 'ஹவில்தார்' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. எந்த விலாசத்துக்கு அனுப்புவது? நேஃபா எல்லையில் சீனாக்காரனோடு நடந்த சண்டை ஓய்ந்துவிட்டது. போன வாரம் அவன் பெண்சாதி வசந்தாவுக்குத் தந்தி வந்தது. காணவில்லை என்று மட்டும்தான் அதில் இருந்தது.

கார்டைக் கிழிக்க மனசு வரவில்லை. கல்லாப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 16, ஞாயிறு

கமிட்டிக் கூட்டம், தேவநாதனுடைய மல்லாட்டை மண்டியில், வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவே. அவர்தான் தலைவர், எங்களுக்கு நாலைந்து வகுப்பு மூத்தவர். நல்ல மனுஷன்தான். ஆனால் ஒரு யோசனை தோன்றிவிட்டால் அதற்குப் பந்தல் போட்டு மாலை போடாமல் விடமாட்டார். கடலூரிலிருந்து பெரிய அதிகாரி விழாவுக்கு வரச் சம்மதித்துவிட்டாராம்.

"நம்ம பள்ளிக்கூடத்துக்கு இதவிட இன்னாப்பா பெருமை வேணும்? சண்டையில உசுரக் குடுத்தவன் நம்ம பையன். அதிகாரி கையால படத்தத் தொறந்து வைப்போம்" என்றார்.

"காணோம்னுதானே தந்தி வந்திருக்குது" என்றேன்.

"அந்தப் பனியில காணோம்னா இன்னா அர்த்தம் விநாயகம்? திண்டிவனம் பஸ்ஸத் தவறவுட்டுட்டானா?"

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பிறகு அவர்களுக்கே ஒரு மாதிரி ஆகித் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வருஷா வருஷம் சங்கம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பாத்திரம் கொடுக்கும். என் கடையில் எடுத்து, நானே பேர் வெட்டித் தருவேன். இந்த வருஷம் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் பித்தளை அண்டா. அதில் 'வீரர் இளையபெருமாள் நினைவாக' என்று வெட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே என்றேன். "பேர் வெட்டுறது உன் வேலை. யோசிக்கிறது கமிட்டி பாத்துக்கும்" என்றார் தேவநாதன். அந்த நேரம் பார்த்து டீ வந்தது. வாங்கிக் குடித்தேன்.

டிசம்பர் 17

வசந்தாவைக் கேட்டீர்களா என்று நேற்று நான் கேட்கவே இல்லை. அந்த டீயைக் குடிக்காமல் கேட்டிருக்கலாம்.

டிசம்பர் 29, சனி

வெட்டிவிட்டேன். காலையில் தேவநாதன் ஆள் அனுப்பி, ஆயிற்றா ஆயிற்றா என்று கேட்டார். சிற்றுளியை வைத்துப் புள்ளி புள்ளியாகத் தட்டிக்கொண்டு போனேன். 'நினைவாக' என்ற இடத்துக்கு வந்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அப்புறம் அதையும் வெட்டினேன்.

எங்கள் விழாவில் பேச்சும் பாட்டும் பேருக்குத்தான். எல்லோரும் காத்திருப்பது ராஜாங்கம் சார் ஆஜர் எடுப்பதற்கு. அவர் ஓய்வு பெற்று வெகுகாலமாகிறது. பழைய பதிவேடுகளைக் கரையான் தின்றாயிற்று. ஆனாலும் ஒவ்வொரு வகுப்பும் அவருக்கு மனப்பாடம். அன்றைக்கு உட்கார்ந்த பெஞ்சிலேயே இன்றைக்கும் உட்கார வேண்டும். வந்தவன் 'உள்ளேன் ஐயா' என்பான். வர முடியாதவனுக்கு வேறு யாராவது 'வெளியூர் ஐயா' என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்கிறவரும் எங்கள் பள்ளியில் படித்தவராக இருக்க வேண்டும் என்பது சார் வைத்த சட்டம். எவருமே பதில் சொல்லாவிட்டால் ஆள் போய்விட்டான் என்று அர்த்தம். எல்லோரும் எழுந்து நிற்போம். சார் அடுத்த பேரைக் கூப்பிடும் வரை நிற்போம்.

இளையபெருமாளும் நானும் ஒரே பெஞ்சு. பட்டாளத்துக்காரனுக்கு ஜனவரியில் லீவு எங்கே கிடைக்கும்? எல்லா வருஷமும் அவனுக்கு நான்தான் 'வெளியூர் ஐயா'. அந்த வாயை வைத்துக்கொண்டு இந்தக் கையால் இதை வெட்டியிருக்கிறேன்.

1963 ஜனவரி 4, வெள்ளி

அண்டாவைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தேன். அனந்தபுரத்துக்காரர் ஒருவர் அதே அளவில் கேட்டார் என்று நானே சாக்கை விலக்கிக் காட்டினேன். அவர் போன பிறகு மூட மறந்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஈயம் பூசுவதற்கு ஒரு தவலையைத் தூக்கிக்கொண்டு வசந்தா வந்தாள். அவளும் எங்கள் பள்ளிதான், எங்களுக்கு இரண்டு வகுப்பு கீழே. அப்போது பெண்பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஒரே பெஞ்சு. அண்டாவைப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துப் படித்தாள்.

"யாரக் கேட்டு வெட்டினீங்கண்ணா?"

"கமிட்டியில முடிவு பண்ணி..."

"கமிட்டிக்குச் சேதி வந்துச்சா? எனக்கு இன்னும் வரலியே."

நெற்றியில் குங்குமம் அகலமாக வைத்திருந்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. படி இறங்கினவள் திரும்பி வந்தாள்.

"நானும் அங்கதான படிச்சேன். எனக்கு ஏன் ஒரு வருசம்கூட கார்டு வரல? வந்திருந்தா நானும் கமிட்டியில வந்து கேட்டிருப்பேன்ல?"

ஒரு பெண்ணுக்கும் நாங்கள் கார்டு எழுதியதில்லை. வேண்டாம் என்று யாரும் தீர்மானம் போடவும் இல்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான். தவலையை விட்டுவிட்டே போய்விட்டாள்.

ஜனவரி 8, செவ்வாய்

நினைத்ததைவிட மோசமாகிவிட்டது. அண்டா விஷயம் ஊரில் பரவி, தளவானூரிலிருந்து இளையபெருமாளின் பங்காளிகள் வந்து இறங்கிவிட்டார்கள். பள்ளிக்கூடத்திலேயே படம் வைக்கிறார்கள், அதிகாரியே வருகிறார், இனி என்ன சந்தேகம் என்பது அவர்கள் கட்சி. விழாவுக்கு மறுநாள் காரியம் செய்து வசந்தாவின் தாலியை வாங்கிவிடுவதாக நாள் குறித்துவிட்டார்கள்.

இளையபெருமாள் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா மீனம்பாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் புள்ள எங்க தாகத்தோட அலையுதோ விநாயகம். ஒரு வாய் தண்ணி எறைக்க வேணாமா?" என்று அழுதாள். பெற்றவளைக் கோபித்துக்கொள்ள முடியுமா? முடியவில்லை.

வசந்தா வாசல்படியில் நின்றிருந்தாள். "ஊரு சொல்லிச்சின்னு நான் கழட்ட மாட்டேன்" என்றாள். பிறகு என்னிடம் மெதுவாக, "அவருக்கு வருசா வருசம் நீங்கதான் பதில் சொல்லுவீங்களாமே. எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. இந்த வருசமும் சொல்லுவீங்களாண்ணா?"

"சொல்றேம்மா."

சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 14, பொங்கல்

வசந்தா வீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்று விருத்தாம்பாள் சொன்னாள். எங்கள் வீட்டுப் பொங்கலும் எனக்கு இறங்கவில்லை.

ஜனவரி 20, ஞாயிறு

இன்று கடையைப் பாதி சாத்திவிட்டு அரத்தை எடுத்தேன். அண்டா உருண்டுகொண்டே இருந்தது. உள்ளேயிருந்து விருத்தாம்பாள் வந்து பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். "நான் புடிச்சிக்கிறேன், ராவுங்க" என்றாள். வெட்டின எழுத்தையெல்லாம் ராவி எடுத்துவிட்டோம். தகடு மெலிந்து, அந்த இடம் மட்டும் வெளிறி, சொறி பிடித்த மாதிரி இருக்கிறது.

சாயங்காலம் தேவநாதன் வந்து கத்தினார். "சங்கத்துச் சொத்தப் பாழாக்கிட்டியே! உனக்கு இன்னா பைத்தியமா?" பழுதான அண்டாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க மாட்டாராம். படத்திறப்பு மட்டும் நடந்தே தீருமாம். "நானும் அந்தப் பையன் பேரு நெலைக்கணும்னுதாம்பா இவ்ளோ பாடுபடறேன்" என்றார். அதுவும் மெய்தான். அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டுவிடலாம்.

ஜனவரி 26, சனி

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சுவரில் படம், மேலே பட்டுத்துணி. அதிகாரி முன்வரிசையில் மாலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஆஜர் எடுத்துக்கொண்டே ராஜாங்கம் சார் எங்கள் வகுப்புக்கு வந்தார். என் பக்கத்து இடம் காலி.

"இளையபெருமாள்."

வாயைத் திறந்தேன். அதற்குள் தேவநாதன் எழுந்துவிட்டார். அவரைப் பார்த்து எல்லோரும் எழுந்தார்கள். அதிகாரியும் எழுந்தார். பெஞ்சுகள் நகரும் சத்தம். சார் என்னையே பார்த்தார். உனக்கு என்ன தெரியும், செத்தவனை உயிரோடிருப்பதாகச் சொல்லப் போகிறாயா என்று உள்ளே ஒன்று கேட்டது. அவ்வளவு பேர் எழுந்து நிற்கும்போது... பயந்துவிட்டேன். வேறென்ன, பயம்தான். கடைசியில் நானும் எழுந்து நின்றுவிட்டேன்.

"வெளியூர் ஐயா."

பின்னாலிருந்து. பெண்கள் நிற்கும் பக்கத்திலிருந்து. வசந்தா.

"படிச்சவங்கதாம்மா பதில் சொல்லணும். சார் வச்ச சட்டம்" என்றார் தேவநாதன்.

"நானும் இங்கதான் படிச்சேன். சார்கிட்ட கணக்குக்கு அடிகூட வாங்கியிருக்கேன்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "வசந்தா. ஜன்னலோரம். பின்னக் கணக்கு வராது" என்றார். பிறகு, "இளையபெருமாள் வெளியூர். உக்காருங்கடா எல்லாரும்."

உட்கார்ந்தோம். அதிகாரியும் உட்கார்ந்தார். மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் கடைசியில் சார் கழுத்தில் போட்டார். பட்டுத்துணியை யாரும் தொடவில்லை.

ஜனவரி 27

காரியத்துக்கு வந்த பங்காளிகள் காலை பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்கள். மீனம்பாள் கடை வாசலில் வந்து நின்று, "எம் புள்ளைக்குத் தண்ணி கெடைக்காம பண்ணிட்டீங்களே, நல்லாருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நாங்கள் செய்தது சரிதானா? யாரைக் கேட்பது?

ஏப்ரல் 18, வியாழன்

கைதிகளைச் சீனாக்காரன் விடுவிக்கிறான் என்று எதிர் ஓட்டல் ரேடியோவில் செய்தி. சில நாளாகச் சாயங்காலமானால் வசந்தா எங்கள் கடைக்கு வந்து விருத்தாம்பாளோடு உட்கார்ந்துவிடுகிறாள். செய்தி முடிந்ததும் போய்விடுவாள். இன்று போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். அது எனக்கு வேதனையாக இருந்தது.

ஜூன் 2, ஞாயிறு

திருவண்ணாமலை பஸ்ஸிலிருந்து ஒருவன் இறங்கி நேரே கடைக்கு வந்தான். ஒரு கால் தாங்கித் தாங்கி நடந்தான். பட்டாளத்து முடிவெட்டு. சிறைமுகாமிலிருந்து திரும்பினவனாம், ஊர் போளூர்ப் பக்கம். ஹவில்தார் இளையபெருமாள் வீடு எது என்று கேட்டான். கையைக் காட்டி வழி சொன்னேன். வேறெதுவும் கேட்க எனக்குத் தைரியமில்லை.

ஜூன் 14, வெள்ளி

வசந்தா வந்தாள். வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

"அந்த அண்டா இருக்குதாண்ணா?"

மூலையில்தான் கிடந்தது. கொண்டுவந்து வைத்தேன்.

"ராவின எடத்துலயே வெட்டுங்க" என்றாள். "தாலிய நானே கழட்டி வச்சிட்டேன். யாரையும் கூப்புடல. அத்தையும் நானும் ஏரிக்குப் போயித் தண்ணி எறைச்சிட்டு வந்துட்டோம்."

சிற்றுளியைத் தேடி எடுத்தேன். அவளே சொன்னாள். "நவம்பர்லயே போயிட்டாராம். உங்ககிட்ட வழி கேட்டு வந்த அந்த ஆளு மடியிலதான். அன்னிக்குப் பள்ளிக்கூடத்துல நான் சொன்னது பொய்யாப் போச்சுண்ணா."

"அப்படி இல்லம்மா..."

"பொய்தான். பொய்யானாலும் அது நான் சொல்ல வேண்டியது. நீங்க வெட்டினது நெசமானாலும் நீங்க வெட்ட வேண்டியது இல்ல."

"ஆமாம்மா" என்றேன்.

'வீரர்' வேண்டாம் என்றாள். 'இளையபெருமாள்' போதும். கீழே, 'உபயம்: வசந்தா, பழைய மாணவி'. மெலிந்த தகடு, ஓங்கித் தட்டினால் பொத்துக்கொள்ளும். தொட்டுத் தொட்டுத் தட்டினேன். ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கல்லாப்பெட்டியிலிருந்து அந்தக் கார்டை எடுத்து, 'ஹவில்தார்' என்பதை அடிக்காமல், கீழே அவள் பேரை எழுதிக் கொடுத்தேன். ஜனவரி இருபத்தாறு, தவறாமல் வரவும். எந்த வருஷத்துக்கும் அதே தேதிதான். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, தானே கொண்டுபோய் வைக்கப் போவதாகச் சொன்னாள். ஒரு காதை அவள் பிடித்தாள், இன்னொரு காதை விருத்தாம்பாள் பிடித்துக்கொண்டாள். கடைத்தெரு வழியாகத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

மண்டி வாசலில் தேவநாதன் கணக்குப்பிள்ளையிடம் ஏதோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அண்டாவைப் பார்த்தார். பேசுவதை நிறுத்திவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். அடுத்து ஜவுளிக்கடையில் ஒருவன் எழுந்தான், எங்கள் வகுப்பு. அப்புறம் சைக்கிள் கடையில். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. நானும் நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் தெருமுனை திரும்பும் வரை ஒருவரும் உட்காரவில்லை.