பூட்டியிருந்த போன் அளந்த முழங்கால்

அனுப்புநர்
வ. தங்கமாரி (வயது 25),
த/பெ வனமாமலை,
அறை எண் 6, மகளிர் விடுதி,
பென்னலூர், ஸ்ரீபெரும்புதூர் வட்டம்.

பெறுநர்
தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அதிகாரி அவர்கள்,
ஸ்ரீபெரும்புதூர்.

பொருள்: காயம்பட்ட என் இடது முழங்கால் மடங்கும் அளவை, எனக்குத் தெரியாமல் செல்போன் செயலியில் கூட்டிப் பதிந்து, நின்று செய்யும் வேலைக்கு என்னை அனுப்புவது பற்றி விசாரிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் கயத்தாறு பக்கத்தைச் சேர்ந்தவள். மூன்று ஆண்டுகளாக ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் நிறுவனம் ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறேன். நிறுவனத்தின் பெயரை இந்தத் தாளில் எழுதவில்லை. ஒட்டிய உறையில் தனியாக வைத்துள்ளேன். மனு மேசை மேசையாகப் போகும்போது யார் கண்ணில் படும், யார் அங்கே போன் போட்டுச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. தங்களைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். இப்போதெல்லாம் என் புத்தி அப்படித்தான் போகிறது.

1. கடந்த 09.06.2025 அன்று, பாகங்கள் ஏற்றிய டிராலி மோதி என் இடது முழங்காலில் தசைநார் கிழிந்தது. கால் 120 டிகிரி மடங்கிய பிறகே நின்று வேலை செய்யலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

2. ஜூலை 21 முதல், முழங்காலை நானே தினமும் அளந்து அனுப்ப வேண்டும் என்று நிறுவனத்தின் நர்ஸ் இசைவாணி என் போனில் ஒரு செயலியை ஏற்றினார். குப்புறப் படுத்து, கணுக்காலுக்கு மேலே போனைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு காலை மடக்க வேண்டும். எவ்வளவு மடங்குகிறது என்று போன் காட்டி, அந்த எண்ணை நிறுவனத்துக்கும் அனுப்பும். என்னால் திரும்பிப் பார்க்க முடியாது. அறைத்தோழி முப்பிடாதி வேலைக்குக் கிளம்பும் முன் எண்ணைப் படித்துச் சொல்வாள், நான் நோட்டில் எழுதுவேன். "எக்கா, இன்னைக்கும் எம்பத்தி ரெண்டுதாம்க்கா" என்று அவள் தயங்கிச் சொல்லும்போது எனக்கு அழுகை வரும். போன் மீதே சந்தேகப்பட்டு அதைச் சுவரோடு ஒட்டி வைத்தும் பார்த்தேன். சரியாகத் தொண்ணூறு காட்டியது.

3. என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அவர்கள் சொல்லித் தாங்கள் அறிவதைவிட அது நல்லது. தொண்ணூறைத் தாண்டாதவர்களை நீக்கச் சொல்லிப் பெயர் ஒப்பந்தக்காரருக்குப் போகும் என்று ஆகஸ்ட் 11 அன்று பேச்சு வந்தது. பயந்துபோய், மறுநாள் நல்ல காலில் போனைக் கட்டி அளந்தேன். 136 வந்தது. மனம் உறுத்தியதால் 13ஆம் தேதி மறுபடி புண்பட்ட காலையே அளந்தேன். 79. ஒரே நாளில் ஐம்பத்தேழு டிகிரி எப்படி இறங்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை. யாரும் பார்க்காத எண்ணை எதற்குத் தினமும் கேட்கிறார்கள் என்று அன்றுதான் யோசிக்கத் தொடங்கினேன்.

4. ஆகஸ்ட் 25 முதல், உட்கார்ந்து லேபிள் ஒட்டும் வேலைக்கு அழைத்தார்கள். எங்கள் நிறுவனத்தில் போனை உள்ளே கொண்டுபோக முடியாது. வாசலில் செக்யூரிட்டியிடம் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். அவர்கள் அதை அணைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டி, நேரத்தை நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். என் டோக்கன் எண் 47. செப்டம்பர் 1, 3, 4 ஆகிய மூன்று நாளும் காலை 8.15க்குக் கொடுத்த போனை மாலை 5.20க்குத்தான் திரும்ப வாங்கினேன். ஆனால் அந்த மூன்று நாளும் காலை 11 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் என் பெயரில் செயலியில் 118, 123, 126 என்று பதிவாகியிருக்கிறது. என் போன் பெட்டியில் இருந்தது. என் கால் லேபிள் மேசைக்கு அடியில் இருந்தது. அப்படியென்றால் மடங்கியது யாருடைய கால், ஐயா?

5. செயலிக்குள் நுழையும் கடவுச்சொல்லாக என் பணியாளர் எண்ணையே நர்ஸ் வைத்துக் கொடுத்தார். அது கழுத்தில் தொங்கும் அட்டையில் எல்லோரும் படிக்கும்படி இருக்கிறது. அது தெரிந்த யாரும் வேறு போனிலிருந்தும் என் பெயரில் நுழையலாம். மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றாதது என் அசட்டுத்தனம். பதிவைப் பற்றி நர்ஸிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், மருந்து அலமாரியைத் திறந்து அடுக்கத் தொடங்கிவிட்டார். அவரே செய்தாரா, செய்தவருக்குப் பயப்படுகிறாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. சூப்பர்வைசர் கார்முகில் சொன்னதை மட்டும் அப்படியே எழுதுகிறேன்: "ஆப்புல நூத்தி இருபத்தாறு காட்டுது, நீ இன்னாத்துக்கு நொண்டிக்கினு வர்ற? லைன்ல போய் நில்லு."

6. கால் குணமாகிவிட்டதால் செப்டம்பர் 22 முதல் உற்பத்தி லைனில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும், வராவிட்டால் என் பெயர் நீக்கப்படும் என்று 8ஆம் தேதி கடிதம் கொடுத்துள்ளார்கள். நின்றால் கால் போகும், நிற்காவிட்டால் வேலை போகும்.

ஆகவே ஐயா, அந்த மூன்று பதிவுகளும் எந்தப் போனிலிருந்து, யாரால் அனுப்பப்பட்டன என்று விசாரிக்கவும், அது தெரியும் வரை என்னை நிற்க வைக்காதிருக்க உத்தரவிடவும் கேட்டுக்கொள்கிறேன். வாசல் நோட்டை முன்னறிவிப்பு இல்லாமல் வந்து எடுக்க வேண்டும். சொல்லிவிட்டு வந்தால் அந்தப் பக்கங்கள் அதில் இருக்காது.

என் நோட்டையும் தாங்கள் நம்ப வேண்டாம். ஒருமுறை பொய் எண் அனுப்பியவள் நான். தாங்களே என் காலை அளந்து பாருங்கள். தங்கள் அலுவலகம் முதல் மாடியில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால் இந்த மனுவை முப்பிடாதியிடம் கொடுத்து மேலே அனுப்பியிருக்கிறேன். 126 டிகிரி மடங்குவதாகச் சொல்லப்படும் காலோடு நான் கீழே, முதல் படியின் அருகில் உட்கார்ந்திருக்கிறேன். தயவுசெய்து ஒருமுறை இறங்கி வாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வ. தங்கமாரி

இடம்: ஸ்ரீபெரும்புதூர்
நாள்: 15.09.2025

இணைப்பு: மருத்துவர் குறிப்பு, செயலிப் பதிவுகளின் படங்கள், நோட்டின் நகல், நிறுவனத்தின் பெயரும் 8ஆம் தேதிக் கடிதமும் வைத்து ஒட்டிய உறை (தாங்கள் மட்டும் பிரிக்கவும்).