லாஷினின் மரம்

மாசி 6, 2024
முழங்கால் நோ. வெளியே பனி கொட்டுது. பேக்கரியில் என் லைனுக்குப் புதிதாய் ஒருவன், லாஷின். சீனாவில் ஏதோ மலைக்கிராமமாம், மியாவோ சனம். முப்பத்தைந்து வயதிருக்கும். தொப்பியைக் கழற்றினான்: சுற்றி மொட்டை, உச்சியில் குடுமி. எங்கட ஐயர்மார் தோற்றுப்போவினம்.

மாசி 9
குடுமி வலைத்தொப்பிக்குள் அடங்கவில்லை, வெட்டாவிட்டால் வேலை இல்லை என்கிறார் மனேச்சர். சொல்லுகிற வேலை என் தலையில். லாஷின் குடுமியைத் தடவினான். பிறகு அரைகுறை இங்கிலீஷில் சொன்னான்: பதினைந்து வயதில் ஊர்ப் பூசாரி அரிவாளால் சுற்றிச் சிரைத்து விட்ட குடுமியாம். அன்றிலிருந்துதான் அவன் ஆம்பிளையாம்.

“தலைமயிர்தானே, வளரும்,” என்றேன். நாங்கள் கோயிலுக்கு நேர்ந்து மொட்டை போடுவதையும், என்னைப் பெத்த ஐயா செத்தன்று நான் தலை வழித்ததையும் எடுத்துச் சொன்னேன். பெரிய நியாயம் பேசிவிட்டதாய் ஒரு பெருமை, ஒரு புழுகம் வேறை.

மாசி 12
வெட்டிவிட்டான். கட்டின மனிசியை ஊரிலிருந்து இங்கே கூப்பிட இந்த வேலை வேணும் அவனுக்கு. குடுமியை நீலத் துணியில் சுற்றி லொக்கருக்குள் வைத்தான். “உதை எறியன்,” எண்டு பகிடி விட்டன். அவன் சிரிக்கவில்லை.

சித்திரை 20
என் இடியப்பத்தை இரண்டுதரம் வாங்கிச் சாப்பிட்டான். ஊரில் அவனுக்கென்று ஒரு மரம் நிற்குதாம், பிறந்தபோது தகப்பன் நட்டது. எங்கட வீட்டு வளவிலும் கறுத்தக்கொழும்பான் மாமரம் நின்றது, சண்டையில் ஷெல் விழுந்து போச்சு என்றேன். இது வேறை மரம் என்று ஏதோ சொல்லத் தொடங்கினான். பெல் அடித்துவிட்டது.

ஆவணி 3
லாஷின் செத்துப்போனான். பஸ் தரிப்பில் விழுந்தவனாம், மாரடைப்பு. வேலைப் படிவத்தில் அவசரத்துக்கு ஆர் என்ற இடத்தில் என் பெயரை எழுதி வைத்திருக்கிறான். நவரட்ணம். ஐயோ, என்னடாப்பா இது?

ஆவணி 25
அவன்ரை போன் பூட்டிக் கிடக்கு, ஊர் நம்பர் எடுக்கேலாது. பாஸ்போட்டுக்குள் அவன் எழுதி வைத்திருந்த ஊர் விலாசத்துக்குப் போட்ட கடிதத்துக்கும் பதில் இல்லை. மூன்று கிழமையாச்சு. கேட்பாரற்ற பிணமாய்ப் போக விடலாமோ? நான் பொறுப்பெடுத்தேன். ஐயாவுக்குச் செய்த மாதிரி வாய்க்கரிசி போட்டு, எரிக்கிற பொத்தானையும் நானே அமத்தினேன். ஒரு மகன் செய்யவேண்டியதைச் செய்த ஆறுதல்.

புரட்டாதி 15
கடிதம் இப்பத்தான் அந்த மலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கு. அதில் நான் எழுதின நம்பருக்கு அவன் மனிசி போன் பண்ணினாள். பேக்கரியில் பக்கிங் பகுதியில் நிற்கிற சீனப்பிள்ளை மொழிபெயர்த்தாள். அங்கை ஆம்பிளைக்கு அவனவன் மரந்தான் சவப்பெட்டியாம். கடிதம் கண்டவுடனை மரத்தைத் தறிச்சுப் பெட்டியும் செய்திட்டினமாம்.

“எப்ப அவரை அனுப்புவியள்?”

எரிச்சுப்போட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? சொன்னன். ஆரைக் கேட்டு நான் உதைச் செய்தனான்? மொட்டைக்கதை சொல்லிக் குடுமியை வெட்டவைச்ச வாய், பொத்தானை அமத்தின கை, இரண்டும் என்ரைதான்.

புரட்டாதி 16
அவன் மனிசி திரும்ப எடுத்தாள், சாம்பல் வேண்டாமாம். அவன் வெட்டின குடுமியை என்ன செய்தனியள் எண்டு கேட்டாள்.

புரட்டாதி 18
பேக்கரியில் அவன்ரை லொக்கரை வெறுமையாக்கித் தந்த பைக்குள்ளை நீலத்துணி இருந்தது. பிளாசாத் தபால்கந்தோரில், பார்சலுக்குள் என்ன இருக்கு எண்டு எழுதச் சொன்னாள் கவுண்டரில் நின்ற பெட்டை. ‘தலைமயிர்’ எண்டு எழுத எனக்குக் கை வரயில்லை. வாயால் சொன்னன், அவளே எழுதினாள்.

கார்த்திகை 2
பார்சல் கிடைச்சதாம். பெட்டிக்குள்ளை குடுமியை மட்டும் வைச்சு மண்ணுக்குள்ளை தாட்டு, மேலை புது மரக்கண்டு நட்டிருக்கினம்.

சாம்பலைக் கரைக்க ஏரிக்குப் போனன். ஆரைக் கேட்டுக் கரைக்கிறது? திருப்பிக்கொண்டு வந்திட்டன்.