காகிதத்தில் உனக்கு இப்போதுதான் அறுபத்தைந்து

என் அன்பு மச்சான் கணேசுக்கு,

உன் பெயருக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஊரில் தபாலதிபராக இருந்து எத்தனையோ பேரின் கடிதங்களுக்கு முத்திரை குத்தி அனுப்பியவன் நீ. உனக்கென்று ஒன்று வந்தபோது வாங்குவதற்கு நீ வீட்டில் இல்லை.

பொறு, முதலில் புதினங்களைச் சொல்கிறேன். கார்த்திகையில் நீ போனபின் ஸ்காபரோவில் பனி கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. உன் மகன் சனிக்கிழமைகளில் மிசிசாகாவிலிருந்து வந்து, தாய்க்குச் சாமான்கள் வாங்கிப் போட்டுவிட்டுப் போகிறான். என் தங்கை பாக்கியம் இன்னும் உன் சப்பாத்தைக் கதவடியிலிருந்து எடுக்கவில்லை. "எடுத்து வையன் பிள்ளை, தடக்குப்படப் போறாய்" என்றேன். "இருக்கட்டும் அண்ணை. ஆரும் வந்து கதவைத் தட்டினா ஆம்பிளை இருக்கிற வீடெண்டு தெரியட்டும்" என்றாள்.

இன்னொரு புதினம். இந்த மாதக் கடைசியோடு நானும் வேலையை விடுகிறேன். நீயும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பிளாஸ்டிக் வாளிகளை அடுக்கிய அதே தொழிற்சாலைதான். போன கிழமை என்னையும் அந்தச் சின்ன அறைக்குள் கூப்பிட்டு இருத்தினார்கள். உனக்கு விளக்கம் சொன்ன அதே பெண், அதே சிரிப்பு. வேலையோடு சேர்ந்து கிடைத்த மருந்துக் காப்புறுதி வேலையோடு முடிந்துவிடும். சொந்தக் காசில் தொடர விரும்பினால் முப்பது நாளுக்குள் சொல்லவேண்டும். பிந்தினால் உடம்பைச் சோதித்துப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். அவள் சொல்லச் சொல்ல எனக்கு உன் குரல்தான் கேட்டது.

"எனக்கு அறுபத்தஞ்சு முடிஞ்சுது. இனி என்ரை குளிசை கவுண்மேந்தின்ரை பொறுப்பு" என்று காப்புறுதியை விட்டுவிட்டு அந்த அறையிலிருந்து வெளியே வந்து, ஏதோ லொத்தர் விழுந்தவன் மாதிரிச் சிரித்தாயே. நினைவிருக்கிறதா?

இந்தக் கனடாவில் டாக்டரைப் பார்க்கக் காசு வேண்டாம், ஆஸ்பத்திரியில் படுக்கக் காசு வேண்டாம். டாக்டர் எழுதித் தருகிற குளிசைக்குத்தான் காசு. அறுபத்தைந்து வயதானால் அதையும் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். இதெல்லாம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உனக்கு அறுபத்தைந்து ஆகிவிட்டது என்பதும் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தை மாதம் கோயிலில் அர்ச்சனை செய்து, உங்கள் கட்டடத்து மண்டபத்தில் கேக் வெட்டி, பாட்டுப் பாடிக் கொண்டாடியவர்கள் அல்லவா நாங்கள்?

காகிதத்தில் உனக்கு அறுபத்து மூன்றுதான் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கதையை நினைத்தால் உன் அப்பாமேல் கோபப்படுவதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை. சிறுவயதில் நெருப்புக்காய்ச்சலில் கிடந்து எழும்பி நீ பிந்தித்தான் பள்ளிக்கூடம் வந்தாய். சின்னஞ்சிறுசுகளுக்கு நடுவில் வளர்ந்தவன் இருந்தால் வெட்கப்படுவான் என்று அவர் உன் வயதில் இரண்டைக் குறைத்துச் சொல்லிச் சேர்த்தார். தலைமை வாத்தியாருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் பாதி வகுப்பு அப்படித்தானே இருந்தது. பள்ளிக்கூடத்து வயதே உத்தியோகத்துக்கு வந்தது, பாஸ்போட்டுக்கு வந்தது, கடைசியில் கனடாவில் கொடுத்த அகதி விண்ணப்பத்துக்கும் வந்தது. உண்மையான வயது உன் சாதகத்தில் மட்டும் இருந்தது. காகித வயதை நாங்கள் விமான நிலையத்தில் மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிற ஆட்கள்.

என்னிடம் மரியாதை கேட்கும்போதும் உனக்குச் சாதக வயதுதான். "டேய், நான் உனக்கு ரெண்டு வயசு மூப்பு. எழும்பி இடம் தா" என்று வேலைக்குப் போகிற பஸ்ஸில் எத்தனை காலை என்னை எழுப்பியிருப்பாய்.

வேலையை விடும்போது சில மாதங்களுக்கு வேண்டிய நெஞ்சு வருத்தக் குளிசையை எடுத்து வைத்திருந்தாய். அது முடியத்தான் இருவரும் பாமசிக்குப் போனோம். அங்கே வேலைக்கு நின்ற எங்கள் தமிழ்ப் பெடிச்சி கம்பியூட்டரைப் பார்த்தாள், உன் முகத்தைப் பார்த்தாள். "அங்கிள், உங்களுக்கு இன்னும் அறுபத்தஞ்சு வரேல்லை. அறுபத்தி மூண்டு எண்டெல்லோ காட்டுது" என்றாள். நீ சிரித்தாய். முப்பது நாள் எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. புதிதாகச் சேர்வதென்றால் நெஞ்சைச் சோதிக்கவேண்டும் என்றார்கள். அந்த நெஞ்சை எவன் சேர்ப்பான்?

அப்போது நீ செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்த சாதகத்தை எடுத்துக்கொண்டு அரசாங்கக் கந்தோருக்கு வெளிக்கிட்டாய். நானும் பின்னால் வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணியிடம் அதை விரித்துக் காட்டி, உன் தபால் கந்தோர் ஆங்கிலத்தில் விளக்கினாய். இது நான் பிறந்த நேரம், இந்தக் கட்டத்தில் சனி நிற்கிறார், இந்தக் கிரக நிலை அந்த ஆண்டைத் தவிர வேறு ஆண்டில் வராது, வேண்டுமென்றால் கணித்துப் பாருங்கள் என்றாய். அவள் பொறுமையாகக் கேட்டாள். மிகவும் அழகாக இருக்கிறது என்றாள். அரசாங்க முத்திரை உள்ள பிறப்புப் பத்திரம் இருக்கிறதா என்றாள்.

பிறப்புப் பத்திரம் எங்கே இருக்கிறது? ஊரில் வீடே இல்லை. சண்டையில் ஊர்ச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து மரத்தடிகளில் கிடந்த நேரம் அது. அரசாங்கப் பதிவுகள் இருக்கிற கச்சேரியில் போய்ப் பிரதி எடுக்க யாரை அனுப்புவது? சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்கலாம், ஆனால் முன்னர் ஏன் வேறு திகதி எழுதினீர்கள் என்று கேள்வி வரும் என்றாள் அவள். நல்ல மனதோடுதான் சொன்னாள். நீ சாதகத்தை மெல்ல மடித்துத் துணியில் சுற்றினாய்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "விடு மச்சான். அகதிக் கேசில குடுத்த திகதி. இப்ப அது பிழையெண்டா, சொன்னதெல்லாம் பொய்யெண்டு தூக்கிக்கொண்டு நிப்பாங்கள். பெடியன்ரை சிற்றிசன் பேப்பருக்கும் கரைச்சல். ரெண்டு வருசம் தானே, ஓடியிடும்."

"அதுவரைக்கும் குளிசைக்கு நான் பாக்கிறனடா" என்றேன்.

"உன்ரை தங்கச்சியையும் கட்டி, சீதனமும் வாங்கி, இனி நெஞ்சு நோவுக்கும் உன்னட்டக் கையேந்திறதோ? நல்ல கதை. என்னட்டக் கிடக்கு. நீ பேசாமல் இரு."

அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான். குளிசை இருக்கோ? இருக்கு. எடுக்கிறியோ? ஓம், ஓம், எடுக்கிறன். அந்த 'இருக்கு' உண்மையான இருக்குத்தான் என்பது உன் செத்தவீட்டுக்குப் பிறகுதான் தெரிந்தது. குளியலறை அலுமாரியைத் துப்புரவாக்கிய பாக்கியம் ஒரு போத்தலைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "அண்ணை, இது போன வருசம் மாரியில வாங்கினது. இன்னும் முடியேல்லை." அவ்வளவுதான் சொன்னாள். நான் அதைக் குலுக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தது.

நோகும் நாளில் மட்டும் எடுத்தாயா? விட்டு விட்டு எடுத்தாயா? பாக்கியத்துக்கே தெரியாமல் எப்படி மறைத்தாய்? ஒழுங்காக எடுத்திருந்தால் ஆள் இருந்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு, அப்படி ஒன்றும் திட்டமாகச் சொல்லமுடியாது என்றார். நீ இருந்திருந்தால் நானே உன்னை இரண்டு அறை அறைந்திருப்பேன். உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம் இருக்கிறது மச்சான். உன்னைத் தேடித் தேடி மனம் கிடந்து தவிக்கிறது, அதுவும் இருக்கிறது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்கு வருகிற பங்குனியில் அறுபத்தைந்து. என் அப்பா வயதில் கைவைக்காதபடியால் சாதகமும் காகிதமும் ஒரே கதைதான் சொல்கின்றன. என் குளிசைக்குப் பயமில்லை. என் மனைவி மலரை நினைத்துத்தான் பயம். அவள் என்னைவிட எத்தனையோ வயது இளையவள், சீனி வருத்தக்காரி. என் வேலையோடு அவளுடைய காப்புறுதியும் போகிறது. அவளையும் சேர்த்துத் தொடரவேண்டும் என்று நான் சொல்ல, அவள் ஒற்றைக்காலில் நின்றாள். "சுகமாயிருக்கிற மனுசிக்கு மாதாமாதம் காசு கட்டி, வெத்திலை பாக்கு வைச்சு வருத்தத்தைக் கூப்பிடப் போறியளோ? எனக்குப் பாவக்காய்ச் சாறு காணும்" என்றாள். ஒரு கிழமையாக, தொழிற்சாலையில் தந்த விண்ணப்பத் தாள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியபடி கிடந்தது. நாளோ ஓடிக்கொண்டிருந்தது.

நேற்றுப் பாக்கியம் தொலைபேசி எடுத்தாள். "அண்ணை, இவரின்ரை பேருக்கு ஒரு கடிதம் வந்திருக்கு. கவுண்மேந்துக் கடிதம் போல கிடக்கு. நான் உடைக்கேல்லை. மற்ற ஆக்களின்ரை கடிதத்தை உடைக்கிறது அவருக்குப் பிடிக்காது." நானும் மலரும் உடனே வெளிக்கிட்டோம். நீ இல்லை என்கிற செய்தி எங்கேயோ ஒரு கந்தோருக்கு இன்னும் போய்ச் சேரவில்லைப் போலும். உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து நான்தான் உடைத்தேன். வாசித்துச் சொல்லுங்கோ என்று பாக்கியம் பக்கத்தில் இருந்தாள்.

எப்படி வாசிப்பேன்? அன்புள்ள ஐயா, உங்களுக்கு அறுபத்தைந்து வயது நிறைவடைகிறது, அடுத்த மாதம் முதல் உங்கள் மருந்துச் செலவை மாகாண அரசு ஏற்றுக்கொள்ளும் என்று இருந்தது. தமிழில் சொல்லி முடித்தேன். பாக்கியம் உன் படத்தைப் பார்த்துக் கேட்டாள்: "அப்ப இவருக்கு இப்பதானோ அறுபத்தஞ்சு?"

ஓம் பிள்ளை, இப்பதான் என்றேன். அவள் எழும்பிப் போய், அந்தப் பாதிப் போத்தலை எடுத்து வந்து கடிதத்தின் மேல் வைத்தாள். செத்தவீட்டில் விறைத்துப்போய் இருந்தவள், நேற்றுத்தான் வாய்விட்டுக் குழறினாள்.

வீடு திரும்பியதும் மலர் குளிர்க் கோட்டைக் கழற்றாமலே குளிர்பெட்டியடிக்குப் போனாள். தாளை உரித்தெடுத்து என் முன்னால் வைத்தாள். "என்னையும் சேர்த்து எழுதுங்கோ" என்றாள். எழுதினேன். அவளுடைய பிறந்த திகதியை எழுதுமுன், "இது சரியான திகதிதானே?" என்று கேட்டேன். அழுதுகொண்டிருந்தவள் என்னை முறைத்துப் பார்த்தாள். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

பாக்கியத்தைப் பற்றி நீ யோசிக்காதே. அவளுக்கு அறுபத்தைந்து வர இன்னும் சில காலம் இருக்கிறது. அவளுடைய பிரஷர் குளிசை இனி என் பொறுப்பு. தங்கைக்கு அண்ணன் செய்வதில் உனக்கு மானக்கேடு ஒன்றும் இல்லை. இருக்கோ என்று அவளிடம் நான் கேட்கப்போவதும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் போய், போத்தலைத் திறந்து, என் கண்ணால் பார்ப்பேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

இன்னும் ஒன்று. நீ போன அன்று காகிதத்தில் நின்ற வயதை இந்த மாதத்தோடு நான் தாண்டிவிடுவேன். உயிர் கிடந்தால் இன்னும் இரண்டு வருடத்தில் உன் சாதக வயதையும் தாண்டுவேன். அதற்குப் பிறகு உன்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன், கோபிக்காதே. அதுவரை நீதான் மூத்தவன். பஸ்ஸில் யன்னலோரம் இருக்கும்போது இப்போதும் கால் தானாக எழும்பப் பார்க்கிறது, உனக்கு இடம் விட.

உன் பாக்கியத்தின் அண்ணன்,
இன்னும் உனக்கு இளையவனாக இருக்கும்
மச்சான் நடராசா